உளியில் துரு: பாத்ரூம் ஆசிட்டா, எலுமிச்சை உப்பா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுரைப் பக்கத்துப் பட்டறைகளில் கருவி துருப்பிடிக்க அதன்மேல் மழை பட வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவின் வேகம் கூடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பின் மேல், காலையில் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீர்ப்படலம் படிந்துவிடும்.

துருவை எடுக்கப் பலரும் முதலில் தேடுவது பாத்ரூம் கழுவும் ஆசிட். விலை குறைவு, சில நிமிடங்களில் வேலை முடியும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன், பதம் ஏற்றிய உளி முனைக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகலாம். அதைவிட மோசம் அதன் ஆவி. மூடிய பட்டறையில் பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்தாலே சுவரில் தொங்கும் ரம்பமும் துருப்பிடிக்கும். நல்ல கருவி வைத்திருப்பவர் இதைப் பட்டறைக்குள் விடவே கூடாது என்பேன்.

எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், நிதானமானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு, மரப்பிடியைக் கழற்றிவிட்டுக் கருவியை ஊறவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் எடுத்துவிட வேண்டும். நாள்கணக்கில் கிடந்தால் இதுவும் இரும்பை அரித்துச் சாம்பல் நிறமாக்கும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். வாடையும் செலவும்தான் அதிகம்.

எந்த அமிலமானாலும் பாதி வேலை அதற்குப் பிறகுதான். சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும். இதில் அசந்தால் கண்ணெதிரே மஞ்சள் துரு திரும்பி வரும்.

இழைப்புளி இரும்பு, பொருளை இறுக்கிப் பிடிக்கும் பழைய வைஸ் போன்றவை கெட்டியாகத் துரு ஏறிக் கிடந்தால் மின்சார முறை மேல். நல்ல இரும்பை அது தொடாது. சலவை சோடா கரைத்த தண்ணீரில் கருவியையும் ஒரு கழிவு இரும்புத் துண்டையும் இறக்கி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகடிவைக் கருவிக்கும் பாசிடிவை அந்தத் துண்டுக்கும் கொடுக்க வேண்டும். பாசிடிவில் எவர்சில்வரைப் போடவே கூடாது: அதிலுள்ள குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் வெளியிடத்தில் செய்வதே நல்லது. மேலோட்டமான துருவுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை, மண்ணெண்ணெயும் எமரி தாளும் போதும்.

பூசும் எண்ணெயில் என் தேர்வு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் அருவாமனைக்குச் சரி, தினமும் கழுவித் துடைக்கிறோம். மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் உளியில் அது காறிப்போய் அமிலமாகும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். டபிள்யூ.டி-40 என்னும் ஸ்பிரே ஈரத்தை விரட்டக் கெட்டிக்காரன். அதன் படலம் மெல்லியது, மழைக்காலம் முழுக்கத் தாங்காது. எப்போதாவது எடுக்கும் திருப்பாச்சேத்தி அருவாளுக்கு கிரீஸ் தடவலாம், தினசரிக் கருவிக்கு அது கையெல்லாம் ஒட்டும்.

பூசியபின் சாக்கில் சுருட்டி வைக்காதீர்கள், சணல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். இழைப்புளியின் வாயில் சிக்கிய மரச்சுருளையும் அன்றன்றே தட்டிவிட வேண்டும், பச்சை மரமாக இருந்தால் கட்டாயம்.