மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் பதினேழு ஆண்டுகள்

2025 பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சமையலறை அலமாரியைக் காலி செய்தபோது, தட்டுகளில் விரித்திருந்த செய்தித்தாள்களை உரித்தெடுக்க வேண்டியிருந்தது. பழைய தாளை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை விரிப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், கீழடி அகழாய்வைப் போல அடுக்கடுக்காக ஆண்டுகள் வெளிப்பட்டன. மாதம் 2,000 ரூபாய் வீதம், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் நான் கட்டிவரும் எஸ்ஐபியின், அதாவது மாதத் தவணை முதலீட்டின், அனுபவத்தை எழுத, இந்தத் தாள்களைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

அடியிலிருந்தது 2004 மே 18ஆம் தேதித் தாள். தேர்தல் முடிவுக்குப் பின் இடதுசாரிகளின் ஆதரவோடு ஆட்சி அமையவிருந்த அச்சத்தில், முந்தைய நாள் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 565 புள்ளிகள் சரிந்து 4,505இல் முடிந்திருந்தது. அன்று அதைப் படித்துவிட்டு, பங்குச் சந்தைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த வைராக்கியம் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நீடித்தது. பிறகு, சென்செக்ஸ் 21,000ஐத் தொட்ட கொண்டாட்டச் செய்திகளைப் படித்து மனம் மாறி, முதல் தவணையை 2008 ஜனவரி 10 அன்று கட்டினேன். சந்தை 21,206 என்ற உச்சத்தைத் தொட்டதும் அதே நாள்தான். இவ்வளவு துல்லியமாக உச்சியில் போய் நிற்க ஜோதிடம் தெரிந்தவராலும் முடியாது.

அடுத்த அடுக்கு 2008 ஜனவரி 22. மிளகாய்த்தூள் டப்பாவின் துரு வட்டமாகப் படிந்திருந்த இடத்தில்தான் 1,408 புள்ளிகள் வீழ்ந்த செய்தி இருந்தது. ‘வரலாறு காணாத’ என்ற சொல்லின் பாதியைத் துரு தின்றிருந்தது. அந்த அக்டோபரில் சென்செக்ஸ் 8,000க்கும் கீழே இறங்கியது. நான் அப்போது தவணையை நிறுத்தாததற்குத் துணிச்சல் காரணமன்று; நிறுத்துவதற்கான படிவத்தைக் கொடுக்க அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சோம்பலால், முதல் தவணையில் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான யூனிட்டுகள் (ஃபண்டின் அலகுகள்) அதே 2,000 ரூபாய்க்குக் கிடைத்தன. 2009 மே 18 அன்று, மீண்டும் ஒரு தேர்தல் முடிவால், சென்செக்ஸ் 2,110 புள்ளிகள் எகிறி வர்த்தகமே நிறுத்தப்பட்டது. அதுவும் வரலாறு காணாததுதான்.

தலைப்பு எழுதுபவர்கள் புள்ளிகளை விரும்புவதற்குக் காரணம் உண்டு: சந்தை வளர வளரப் புள்ளிகளும் பெருத்துக்கொண்டே போகும். 2004இன் 565 புள்ளிகள் 11 சதவீதச் சரிவு. 2024 ஜூன் 4ஆம் தேதியின் 4,389 புள்ளிகளோ 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் எழுத்தின் உயரம் என்னவோ 2024இல்தான் அதிகம். அந்தச் சரிவு முழுவதும் மூன்றே நாட்களில் மீண்டது.

என் பெரிய தவறு 2020 மார்ச் 24ஆம் தேதித் தாளில் இருக்கிறது. முந்தைய நாள் சந்தை 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதம் வீழ்ந்து 25,981இல் நின்றது. அதற்குள் கைப்பேசிச் செயலி வந்துவிட்டதால், விடுப்பு எடுக்கும் தொல்லையின்றி, காப்பி ஆறுவதற்குள் தவணையை நிறுத்திவிட்டேன். டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது சென்செக்ஸ் 45,000ஐத் தாண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்த எட்டு மாதங்களையும் வேடிக்கை பார்த்தேன்.

உண்மையில் எனக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய செய்தி எந்த அடுக்கிலும் தலைப்பாக இல்லை. முகவர் கமிஷன் இல்லாத நேரடி ஃபண்ட் திட்டங்கள் 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டன. எனக்கு அது தெரியவந்தது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

2024 டிசம்பர் வரை 196 தவணைகளில் கட்டியது 3,92,000 ரூபாய். கணக்கில் இருப்பது 12 லட்சத்துக்குச் சற்று மேல். இதைப் பெருமையாகச் சொன்னபோது, 2008இல் வாங்கிய வளையலை என் மனைவி ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். என் முதல் தவணையை அது எளிதாக முந்திவிட்டது என்பதால் பேச்சை மாற்றினேன்.

வெள்ளையடித்து முடிந்ததும், எடைக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து 2024 ஜூன் 5ஆம் தேதித் தாளை உருவி விரித்தேன். எழுத்து மிகப் பெரியது. டப்பாவால் முழுதாக மறைக்க முடியவில்லை. பக்கத்தில் புளிச் சாடியையும் வைத்தேன்.