டிஎஸ்3231: இரண்டு வாடைக்காலம் தாண்டிய பிறகு

தொண்டியிலிருந்து தம்பி ஒருவன் நேற்று ராத்திரி கேட்டான்: "காக்கா, டிஎஸ்3231 மாட்யூல் வாங்கவா, இல்ல நெட்லயே டைம் எடுத்துக்கலாமா?" கரண்ட் போனாலும் சின்ன பேட்டரியில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சிப்தான் டிஎஸ்3231. அவன் கேட்ட நேரத்தில் நான் பண்ணையில் மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்து, அதே மாட்யூலின் பச்சை பூத்த பேட்டரி ஹோல்டரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதனால் பதிலில் சூடு இருக்கும்.

முதலில் நெட் விஷயம். தேவிப்பட்டினம் பக்கம் எங்கள் வனாமி இறால் குளத்தில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களை ஓட்டுவது இஎஸ்பி32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு. முதல் வருஷம் தனிக் கடிகாரம் வைக்கவில்லை. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரில் என்டிபி (நெட் வழியாக நேரம் கேட்டு வாங்கும் முறை) மூலம் நேரம் வாங்கி, 19,800 நொடியை, அதாவது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம்ம ஊர் நேரம். வேலை அவ்வளவுதான் என்று இருந்தேன்.

ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டதும் போர்டு புதிதாக எழுந்தது. டவரும் படுத்துவிட்டதால் என்டிபி பதில் வரவில்லை. பதில் வராத இஎஸ்பி32-க்கு அன்றைய தேதி 1970 ஜனவரி 1, நள்ளிரவு. அதோடு நம் 19,800 நொடி சேர்ந்தால் விடிகாலை ஐந்தரை. ஒன்றரை மணி நேரம் போனதும் ஏழு மணி ஆகிவிட்டது, வெயில் வந்திருக்கும் என்று நினைத்துப் பாதி ஏரேட்டரை நிறுத்திவிட்டது. உண்மையில் அப்போது மூன்றரை. பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் பாசியே ராத்திரியில் அதைத் தின்னும். விடிவதற்கு முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். காவலுக்கு இருந்த மாமா டார்ச் அடித்துப் பார்த்தபோது இறால் கரையோரமாக மேலே ஒதுங்கிக் கிடந்தது. அவர் ஓடிப்போய்க் கையால் சுவிட்சைப் போட்டதால் குளம் தப்பித்தது.

அந்த வாரமே டிஎஸ்3231 வாங்கினேன். சிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இதற்கு முன் வேறொரு பெட்டியில் டிஎஸ்1307 என்ற பழைய கடிகாரச் சிப் வைத்திருந்தேன். தகரக் கூரைச் சூட்டில் மாசத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கும். அதற்குத் துடிப்புக் கொடுக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருபத்தைந்து டிகிரியை விட்டு எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும் என்பதுதான் காரணம். இந்த டிஎஸ்3231 கிரிஸ்டலை உள்ளேயே வைத்துக்கொண்டு, 64 நொடிக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. நாற்பது டிகிரி வரைக்கும் பத்து லட்சத்தில் ரெண்டு பங்குதான் பிசகலாம் என்கிறது டேட்டாஷீட். வருஷத்துக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் வேண்டுமென்றே பதினான்கு மாசம் என்டிபியால் திருத்தாமல் விட்டுப் பார்த்தேன். 21 நொடி முந்தியிருந்தது. அந்த ஷெட்டில் மத்தியானம் நிற்கவே முடியாது, அதில் 21 நொடி!

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. நடுவில் ஓட்டம் நின்றிருந்தால் சிப்புக்குள் இருக்கும் 0எஃப் ரெஜிஸ்டர் என்ற குறிப்பு இடத்தின் ஏழாவது பிட்டில் 1 போட்டு வைக்கும். "நான் நின்றுவிட்டேன், என்னை நம்பாதே" என்று அர்த்தம். இப்போது என் புரோகிராம் முதலில் அந்தப் பிட்டைத்தான் படிக்கிறது. அதில் 1 இருந்தால் நேரத்தைப் பார்க்காமல் எல்லா ஏரேட்டரையும் ஓட்டிவிடும். நீ எந்தக் கடிகாரம் வைத்தாலும் இந்த ஒரு வரியை எழுதாமல் விடாதே, தம்பி.

இனி கோபம். இவ்வளவு நல்ல சிப்பைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கும் அந்த நீலப் போர்டு இருக்கிறதே! பேட்டரியை சார்ஜ் செய்ய ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் அதில் இருக்கும். ஆனால் கடையில் கூடவே தருவதோ சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032. நான் விவரம் தெரியாமல் 5 வோல்ட்டில் இணைத்தேன்; ஏழாவது மாசம் பேட்டரி உப்பிவிட்டது. இப்போது 3.3 வோல்ட்தான் கொடுக்கிறேன், அந்த ரெசிஸ்டரையும் பிடுங்கிவிட்டேன். 5 வோல்ட் கொடுத்தால் சிக்னல் ஒயர்களும் 5 வோல்ட்டுக்கு ஏறும், அது இஎஸ்பி32-க்கும் ஆகாது.

அது போகட்டும், ஒருமுறையோடு தீர்ந்தது. ஹோல்டர் தீரவில்லை. வாடை தொடங்கினால் கடல் பக்கமிருந்து உப்புக்காற்று ஷெட்டுக்குள் நேராக அடிக்கும். பெட்டியை எவ்வளவு மூடினாலும் ஒயர் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும். ஹோல்டரின் மெல்லிய தகட்டில் முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு பச்சை. பேட்டரியை மீட்டரில் வைத்தால் 3 வோல்ட் காட்டும், சிப்புக்கு மட்டும் போய்ச் சேராது. கரண்ட் இருக்கிறவரை எதுவும் தெரியாது. போய் வந்ததும் தேதி 2000 ஜனவரி 1, நள்ளிரவு. இந்த வாடையில் மட்டும் நாலு தடவை. இறால் சாகவில்லை, அந்தப் பிட் காப்பாற்றியது. ஆனால் தேவையே இல்லாமல் எல்லா ஏரேட்டரும் ஓடி எரித்த டீசலுக்கு யாரிடம் கேட்பது? ஒவ்வொரு தடவையும் தேய்க்கிறேன், ரெண்டு வாரத்தில் திரும்பப் பச்சை.

சிம் போட்டு டவர் நேரம் எடுக்கலாமே என்றும் கேட்டாய். தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை டவர் ஏறுவதைப் பார்த்திருப்பாய். 2006-லேயே அவர்களும் நம் ஐந்தரைக்குத் திரும்பிவிட்டதால் நேரம் குழம்பாது. ஆனால் டவரே படுக்கும் ராத்திரிக்கு அது உதவாது.

நேற்று அந்த ஹோல்டரையே வெட்டி எறிந்துவிட்டேன். தகடு வெல்டிங் செய்து வரும் சிஆர்2032-ஐ நேராக சால்டர் செய்து, மேலே நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடித்திருக்கிறேன். தாங்குமா என்பது அடுத்த வாடையில் தெரியும்.

உனக்கு என் பதில்: அந்த நீல மாட்யூலை வாங்காதே. சிப் தங்கம்தான், இருந்தாலும் வாங்காதே. ஹோல்டர் இல்லாமல், பேட்டரியை சால்டர் செய்தே வரும் டிஎஸ்3231 போர்டு எங்காவது கண்ணில் பட்டால், எனக்கும் ரெண்டு சேர்த்து வாங்கி வை.