அலமாரியில் 183 கேம்: வவுச்சரா, ரொக்கமா, ஒவ்வொன்றாக விற்பதா?

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க வீடியோ கேம் டப்பாக்கள். எண்ணிப் பார்த்தேன், 183. பிளேஸ்டேஷன் 3, 4, 5, நின்டெண்டோ டி.எஸ்., ஸ்விட்ச் என்று பதினைந்து வருடச் சேர்மானம். "இந்த அலமாரி போனாத்தான் பாப்பாவுக்குக் கட்டில் போட முடியும்" என்று மனைவி சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. போக வேண்டியதுதான், அதில் எனக்கும் மறுப்பில்லை. எந்த வழியாகப் போவது என்பதில்தான் மூன்று மாதமும் போனது.

முதலில் கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த 'கேம்' நிறுவனம் 2024 பிப்ரவரியோடு பழைய கேம் வாங்குவதை நிறுத்திவிட்டது. பிரிட்டனில் மிச்சம் இருக்கும் பெரிய பெயர் சி.இ.எக்ஸ். (அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து, அவர்கள் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதினால் இதை மாமியார் வீட்டில் திறந்து படிக்க முடியாது. எழுத்தெழுத்தாகவே இருக்கட்டும்.) 1992இல் லண்டனில் தொடங்கியது. அவர்களுடைய இணையதளத்தில் ஒரு கேமின் பெயரைத் தட்டினால் மூன்று விலை வரும். அவர்கள் விற்கும் விலை, வவுச்சராக வாங்கிக்கொண்டால் நமக்குக் கிடைப்பது, ரொக்கமாகக் கேட்டால் கிடைப்பது. ரொக்கத்தைவிட வவுச்சர் கூடுதலாக இருக்கும். நம் ஊர் நகைக்கடைப் பழக்கம்தான். பழைய வளையலைப் போட்டுப் புது வளையல் எடுத்தால் காபி வரும். "காசாவே கொடுத்துடுங்க" என்றால் முகமும் மாறும், கணக்கும் மாறும்.

அந்தக் கூடுதல் நிஜமாகவே கூடுதல்தானா? இதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கேமுக்குக் கடை 20 பவுண்டு வவுச்சர் தருகிறது, ரொக்கமென்றால் 15 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பவுண்டு லாபம் போலத் தெரியும். ஆனால் அந்த வவுச்சரை அதே கடையில், அவர்கள் வைத்த விலையில்தான் செலவழிக்க முடியும். நான் வாங்க நினைக்கும் பொருள் அங்கே 30, அதே பொருள் ஈபே இணையச் சந்தையில் 25 என்றால், என் 20 பவுண்டு வவுச்சரின் உண்மையான மதிப்பு 16 பவுண்டு 67 பென்ஸ். ஐந்து பவுண்டு லாபம் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. இன்னொரு கேமுக்காக இதைச் செய்கிறவர்களுக்கு இன்னும் மோசம். மூன்று கொடுத்து இரண்டு வாங்குகிறோம், அடுத்த முறை அந்த இரண்டைக் கொடுத்து ஒன்று.

அதற்காக வவுச்சரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கேமுக்குப் பதில் விளையாடும் கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு திரும்புகிறது. அந்தக் கடையில் வாங்கும் செகண்ட் ஹேண்ட் கருவிகளுக்கு ஐந்து வருட வாரண்டி உண்டு. ஈபேயில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து அனுப்பும் ஸ்விட்சுக்கு அது கிடையாது. அந்த வாரண்டிக்கு ஒரு விலை போட்டால், கடையின் கூடுதல் விலை அவ்வளவு உறுத்தாது. என்ன வாங்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் வவுச்சர் கேட்க வேண்டும், தெரியாவிட்டால் ரொக்கம். நான் பிடித்துக்கொண்ட விதி இவ்வளவுதான்.

வவுச்சரைப் பெரிய தொகையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2012 மார்ச்சில் 'கேம்' நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனபோது, பரிசு அட்டைகளையும் சேர்த்துவைத்த புள்ளிகளையும் கல்லாவில் வாங்க மறுத்தார்கள். 2013 ஜனவரியில் இசைத்தட்டும் படமும் விற்கும் எச்.எம்.வி. கடைகளுக்கும் அதே நிலைமை. இரண்டு இடத்திலும் பிற்பாடு ஏற்றுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். கடை நொடித்தால் வவுச்சர் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்க வேண்டும். வாங்கிய அன்றைக்கே செலவழித்துவிடுவது நல்லது.

ஊருக்கே திரும்பப் போகிறவர்களுக்கு வவுச்சர் சுத்தமாக உதவாது. அவர்கள் வட்டுகளையே கையில் எடுத்துக்கொண்டு போகலாம். பிளேஸ்டேஷன் 4, 5, ஸ்விட்ச் கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, சென்னையிலும் ஓடும். நின்டெண்டோவின் 3டி.எஸ். மட்டும் அப்படியில்லை. அதற்குப் பூட்டு உண்டு.

அடுத்தது ஈபே. 2024 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் தனியாட்கள் உள்நாட்டில் விற்பதற்கு ஈபே கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக வாங்குகிறவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை வசூலிக்கிறது. ஆகவே காகிதத்தில் பார்த்தால் கடையை ஈபே எளிதில் அடித்துவிடும். காகிதத்தில் வராதது நேரம். ஒரு கேமை நாலு பக்கம் படம் எடுத்து, வட்டின் கீறலைக் காட்டி, விவரம் எழுதி, கட்டி, தபாலில் சேர்க்க எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. 183க்கு 61 மணி நேரம். சனி, ஞாயிறு எல்லாம் போய்விடும். இரண்டு பவுண்டுக்குப் போகும் கேமுக்கு இருபது நிமிடம் உழைத்தால் அது வியாபாரமே இல்லை, வேண்டுதல்.

தபாலில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. ராயல் மெயிலின் 'லார்ஜ் லெட்டர்' கட்டணத்துக்குள் வர உறை 2.5 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது. நீளம் 35.3, அகலம் 25 வரை போகலாம், எடை 750 கிராம். பிளேஸ்டேஷன் 4 டப்பா ஒன்று ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். ஒருவரே இரண்டு கேம் வாங்கினால் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கட்டுவதுதான் எல்லோருடைய வழக்கம். கட்டினால் தடிமன் தாண்டிப் பார்சல் கட்டணம் வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, நடுவில் அட்டை கொடுத்து ஒட்டினால் லெட்டராகவே போகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு பார்சல் ஆயிற்று.

வரி பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. 2024 ஜனவரி முதல், ஒரு வருடத்தில் 30 பொருளோ அதற்கு மேலோ விற்றவர்கள், அல்லது சுமார் 1,700 பவுண்டைத் தாண்டியவர்கள் விவரத்தை ஈபே போன்ற தளங்கள் பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்குக் கொடுக்க வேண்டும். 183 கேமையும் தனித்தனியாக விற்றால் நிச்சயம் அந்தப் பட்டியலில் வருவோம். ஆனால் பட்டியலில் வருவது வேறு, வரி கட்டுவது வேறு. சொந்தமாக விளையாடிய கேமை, வாங்கியதைவிடக் குறைத்து விற்றால் வரி எதுவும் இல்லை. விற்பதற்கென்றே வாங்கி விற்றால்தான் அது தொழில். தொழிலிலும் வருடம் 1,000 பவுண்டு வரையிலான வரவுக்கு விலக்கு உண்டு.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் மொத்தமாகத் தள்ளுவது இன்னொரு வழி. "இருக்கா?" என்று இருபது பேர் கேட்பார்கள், வருவது ஒருவர், வந்தவரும் வாசலில் நின்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார். ஒரே மாலையில் வீடு காலியாகும், அது ஒன்றுதான் லாபம். பார்கோடைப் போனில் காட்டினால் விலை சொல்லும் செயலிகளும் உண்டு. அனுப்பும் செலவு அவர்களுடையது, விலை அதற்கேற்ற மாதிரி இருக்கும். பெட்டி போய்ச் சேர்ந்து அவர்கள் பார்த்த பிறகுதான் கடைசி விலை முடிவாகும். இந்த இரண்டிலும் எனக்கு ஆர்வம் வரவில்லை.

கடையா ஈபேயா என்று மொத்தக் குவியலையும் ஒரே தராசில் வைத்ததுதான் அந்த மூன்று மாதமும் நான் செய்த தப்பு. தரையில் கொட்டிப் பிரித்த பிறகுதான் தெளிந்தது. கால்பந்து மாதிரி வருடா வருடம் புதுப் பதிப்பாக வரும் விளையாட்டு கேம்கள் ஒரு குவியல். ஃபிஃபா பெயரில் ஈ.ஏ. நிறுவனம் வெளியிட்ட கடைசி ஆட்டம் ஃபிஃபா 23. என்னிடம் 12 முதல் 23 வரை பன்னிரண்டும் இருந்தன. அடுத்த ஆட்டம் வந்த அன்றைக்கே முந்தையதன் விலை விழுந்துவிடும். இவற்றுக்கு வவுச்சர் கேட்கப் போவது நேர விரயம். இந்த மாதிரி 28, நன்கொடைப் பொருளை விற்கும் தர்மக் கடைக்குப் போயின.

நின்டெண்டோ நேர்மாறு. 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் இன்றைக்கும் விலை இறங்காமல் அடம் பிடிக்கிறது. ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் ஸ்விட்ச் 2இலும் ஓடும், வாங்க நினைத்திருந்ததும் அதைத்தான், ஆகவே 29 வீட்டிலேயே தங்கின. பழைய டி.எஸ். கேம்கள் தனி ரகம். போகிமான் ஹார்ட்கோல்டு ஐரோப்பாவில் வந்தது 2010இல். இப்போது நல்ல விலை போகிறது, அதனாலேயே போலியும் ஏராளம். அசல் கார்ட்ரிட்ஜை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருப்புக்குள் மங்கிய சிவப்பு தெரியும், உள்ளே அகச்சிவப்புச் சில்லு இருப்பதால் அந்தப் பிளாஸ்டிக். ஜன்னலோரம் நின்று அந்தச் சிவப்பு தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டேன். கேள்வி கேட்காமல் ஒரே நாளில் போனது. இப்படித் தேறிய 22ஐ மட்டும் ஈபேயில் விற்றேன். ஏழெட்டு மணி நேர வேலை. அந்த 22க்கு வந்த பணம், மிச்சத்துக்குக் கடை சொன்ன ரொக்கத்தைவிட அதிகம்.

மீதி 104. இரண்டு சூட்கேஸில் அடுக்கி, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போதே நின்றேன். சனிக்கிழமை போயிருந்தால் பின்னால் நிற்பவர்கள் சாபம் விட்டிருப்பார்கள். கல்லாவில் இருந்த பையன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, வட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, பார்கோடு அடித்து, வலது பக்கம் அடுக்கினான். ஒன்றரை மணி நேரம். கீறல் இருந்ததால் நாலு டப்பா இடது பக்கம் போயின. இரண்டில் டப்பா ஒன்று, வட்டு வேறு. கிரிக்கெட் டப்பாவுக்குள் கார் பந்தயம், கார் பந்தய டப்பாவுக்குள் கிரிக்கெட் என்றால்கூட மாற்றிக் கொடுத்திருக்கலாம், இது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஜோடி. கடைசியாக ஒன்று காலி டப்பா. பையன் அதைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினான், எதுவும் சொல்லவில்லை.

97க்கு வவுச்சர் அடித்து, அங்கேயே கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஸ்விட்ச் 2ஐ எடுத்துக்கொண்டேன். மேலே போட்டது கொஞ்சம்தான். சூட்கேஸ் இரண்டும் காற்றாடத் திரும்பி வந்தன.

"அப்பா, என் லெகோ கேமையும் குடுத்துட்டீங்களா?" என்று வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள். காலி டப்பா அவளுடையதுதான். வட்டு ஒரு வருடமாகப் பழைய பிளேஸ்டேஷனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. டப்பா இப்போது புதுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.