கொட்டன் என்று சொல்லித் தந்த ஐந்து சேர்ட்

வேலைக்குப் போகிற பெண்கள் யாராவது சேர்ட் வாங்கக் கொழும்பில் காலி வீதிப் பக்கம் போக இருந்தால், இதை வாசித்துவிட்டுப் போங்கள். என்னுடைய 14,500 ரூபா போய்விட்டது, உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

போன மாதம் கொள்ளுப்பிட்டியில் புது வேலை கிடைத்தது. கறுப்புக் காற்சட்டை, வெள்ளிக்கிழமை ஜீன்ஸ், பருத்திச் சேலை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஐந்து சேர்ட் இருந்தால் காலையில் அலுமாரி முன்னால் நின்று யோசிக்கத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். வெள்ளை, வான்நீலம், மெல்லிய கோடு, ஒலிவ் பச்சை, மண் நிறம். அந்தக் கணக்கில் இப்பவும் பிழை இல்லை. வெள்ளவத்தைக் கடையில் நின்ற பிள்ளை, "அக்கா, நூற்றுக்கு நூறு கொட்டன். எக்ஸ்போர்ட் சரக்கு, அதுதான் லேபலை வெட்டியிருக்கு" என்றார். ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளில் லேபல் வெட்டியிருப்பது இங்கே வழமைதான். புறக்கோட்டையில் அப்படி நல்ல உடுப்பு எத்தனையோ எடுத்திருக்கிறேன், அதனால் நம்பினேன். போட்டுப் பார்க்கிற அறை பழுது என்றார்கள். என் அளவு எம்தானே என்று அதற்கும் சரி சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வெள்ளையைப் போட்டுக்கொண்டு 101 பஸ்ஸில் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் முதுகோடு ஒட்டிவிட்டது. கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் நெஞ்சுப் பக்கத்துப் பொத்தான்களுக்கு நடுவில் துணி வாய் பிளந்தது. அன்று முழுக்க ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே திரிந்தேன். புது இடம், முதல் வாரம். நினைத்தால் இப்பவும் கோபம் வருகிறது.

ஒரே ஒரு தடவை துவைத்து அயன் பண்ணியதும் கொலர் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். எங்கள் ஒழுங்கையில் தைக்கிற அன்ரியிடம் காட்டினேன். கொலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டுகிற ஃபியூசிங் மலிவானது, சரியான சூட்டில் ஒட்டவுமில்லை, கழன்றுவிட்டது என்றார். பிறகு மடிப்புக்குள் இருந்து துணியின் நூல் ஒன்றை உருவினார். தையல் நூலை எடுக்கக் கூடாதாம், கொட்டன் சேர்ட்டையும் பொலியெஸ்டர் நூலால் தைப்பார்களாம். குறட்டால் பிடித்து நெருப்புக் காட்டினார். கொட்டன் என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் பொடியாக உதிரும். இது உருகிச் சுருண்டு, கறுப்பு மணி மாதிரி இறுகியது. ஐந்து சேர்ட்டிலும் அதே மணி.

பொலியெஸ்டர் கூடாத துணி இல்லை. கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, கொழும்பு வெக்கையில் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். அதைக் கொட்டன் என்று சொல்லி, கொட்டன் விலைக்கு விற்றார்களே, அதுதான் களவு.

திரும்பக் கொண்டுபோனேன். "கொட்டன் என்று யார் சொன்னது?" என்று கேட்டார்கள். பில்லில் "லேடீஸ் 5" என்று மட்டும்தான் இருந்தது. அன்று அக்கா என்று கூப்பிட்ட பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன், என்ன துணி என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். போட்டதும் நேராக நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. கதிரையில் இருங்கள், கையைத் தூக்குங்கள், கைகளை முன்னால் கட்டுங்கள், பொத்தான் இழுபடுகிறதா பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். நெஞ்சு அளவுக்குச் சரியானதை எடுத்து இடுப்பைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம், நெஞ்சில் இறுகியதை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளையென்றால் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். நகத்தின் நிறம் தெரிந்தால் அது தனியாகப் போடுகிற சேர்ட் இல்லை. நீளம் இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே நின்றால் உள்ளே செருகவும் வரும், வெளியே விடவும் வரும்.

இப்படியான முறைப்பாடுகளை எடுக்கிற நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். பில்லின் பிரதியும் கொலரின் படமும் வைத்து நான் கடிதம் அனுப்பிவிட்டேன். இப்படி வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லை எறிந்துவிடாதீர்கள், திகதியைப் பார்த்து உங்கள் 3 மாதம் முடிய முன்னம் நீங்களும் எழுதுங்கள்.