அடி இறங்கிய பிறகு இன்னொரு குழந்தை: வளையமா, ஆபரேஷனா? சுகப்பிரசவமா, சிசேரியனா?

"முதல்ல ஆபரேஷன் பண்ணித் தூக்கிக் கட்டிடு, அப்புறம் அடுத்ததைப் பெத்துக்கோ." முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை இறங்கிய பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான். மருத்துவர்கள் அநேகமாக வரிசையை மாற்றிச் சொல்வார்கள்: பிள்ளை பெறுவது முடியட்டும், ஆபரேஷன் பிறகு. தைத்துச் சரிசெய்த இடத்தின் மேல் மறுபடி ஒரு கர்ப்பத்தின் பாரம் ஏறினால் திரும்பவும் இறங்கிவிடலாம்.

அதுவரை எப்படிச் சமாளிப்பது? இறக்கம் லேசாக இருந்தால், கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி. தானாகச் செய்வதைவிட, பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லித்தர, நாலு மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கூடவே பெசரி என்கிற வளையம். சிலிக்கான் வளையத்தை நெருக்கிப் பிடித்து உள்ளே வைத்தால் அது விரிந்து கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளும். வைத்த பிறகு நடந்து, உட்கார்ந்து, இருமி, சிறுநீர் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். உறுத்தினாலோ நழுவினாலோ அளவு சரியில்லை. சரியான அளவு என்றால் உள்ளே இருப்பதே தெரியாது. கர்ப்பத்தின் தொடக்கத்திலும் இதை வைத்துக்கொள்ளலாம். நாலாம் மாதவாக்கில் கர்ப்பப்பை இடுப்பெலும்பை விட்டு மேலே ஏறுவதால் பலருக்கு இறக்கம் தானே குறைந்துவிடும். அந்தக் கட்டத்தில் வளையம் தேவையா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

ஆபரேஷன் தவிர வழியே இல்லாத இளம்பெண்களும் உண்டு. கர்ப்பப்பையை எடுக்காமல் நாடா வைத்து மேலே இழுத்துக் கட்டும் முறைகளில் நம் நாட்டு மருத்துவர்களின் பெயர்களே நிற்கின்றன: ஷிரோத்கர், புரந்தரே, கன்னா. பிள்ளை பெறும் வாய்ப்பைக் காப்பதுதான் இவற்றின் நோக்கம். கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டும் மான்செஸ்டர் ஆபரேஷன் அப்படியல்ல. அதற்குப் பிறகு கரு தங்குவதிலும் சிக்கல் வரலாம், குறைப்பிரசவமும் ஆகலாம். இன்னும் குழந்தை வேண்டும் என்றால், எந்த ஆபரேஷன் என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருங்காலப் பிரசவத்தைத் தீர்மானிக்கும் காகிதம் அது.

சரி, பிரசவம்? நாடா வைத்துக் கட்டியிருந்தால் பெரும்பாலும் சிசேரியன்தான். ஆபரேஷன் எதுவும் ஆகாமல் வெறும் இறக்கம் மட்டும் என்றால், அதற்காகவே சிசேரியன் கட்டாயமில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்தால் மேலும் இறங்கும் ஆபத்து குறையலாம். ஆனால் ஏற்கெனவே தளர்ந்த தசை அதனால் மீளாது, பத்து மாதம் சுமந்த பாரமும் கணக்கில் சேரும். மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பவருக்கு ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பிரியாமல் கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது. லேசான இறக்கத்துக்கு என் ஓட்டு சுகப்பிரசவத்துக்கே. கர்ப்பப்பை வாய் வெளியே வந்து வீங்கியோ புண்ணாகியோ இருந்தால் அந்தக் கணக்கே வேறு.

சுகப்பிரசவத்திலும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நம் ஊரில் 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க' என்பார்களே, அந்த ஃபோர்செப்ஸில் இடுப்பெலும்போடு ஒட்டிய தசை பிய்ந்துபோகும் ஆபத்து அதிகம், குழந்தையின் தலையில் கிண்ணம் பொருத்தி உறிஞ்சி இழுக்கும் வேக்குவம் முறையில் குறைவு. அவசரத்தில் பேரம் பேச முடியாது. அதனால் ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே, "எனக்கு ஏற்கெனவே இறக்கம் இருக்கிறது, ஆயுதம் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே ரத்தமோ தண்ணீரோ போனாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.