மேக விதைப்பு: மலையடிவார எரிகலனா, விமானமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு நீர் என்றால் பெரும்பாலும் மலைப்பனி உருகி வருவதுதான். அதனால் மேகத்தில் நுண்துகள் தூவிப் பனிப்பொழிவைக் கூட்டும் மேக விதைப்பை மாநில அரசே நடத்துகிறது; 2023-ல் அதற்கு 1.2 கோடி டாலர் ஒதுக்கியது.

தரை எரிகலன் எளிமையானது. மேகத்தில் பனித்துகள் உருவாக உதவும் சில்வர் அயோடைடை அசிட்டோன் என்ற திரவத்தில் கரைத்து, புரொப்பேன் வாயுத் தீயில் எரிப்பார்கள். பழையதை யாராவது நடுராத்திரியில் போய்க் கையால் பற்றவைக்க வேண்டும். புதியதை அலுவலகத்திலிருந்தே இயக்கலாம். சரி, புகையை மேகத்துக்கு ஏற்றுவது யார்? காற்றுதான். பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கிவிட்டால் புகை கீழேயே கிடக்கும், மருந்து வீண்.

விமானம் நேராக மேகத்துக்கே போகிறது. பக்கத்து ஐடஹோவில் 2017-ல் நடந்த ஆய்வில், விமானம் போய்வந்த தடத்தை ஒட்டியே பனி கோடு கோடாக ரேடாரில் தெரிந்தது. ஆனால் செலவு அதிகம். விதைக்கத் தோதான மேகம்தான் இறக்கையில் பனிக்கட்டியும் படிய வைக்கும். விமானியின் உயிரோடு விளையாடக் கூடாது.

இரண்டுமே மேகம் இல்லாத வானத்தில் உதவாது. வரிப்பணத்தில் நடக்கும் திட்டம் என்பதால் என் ஓட்டு முதலில் தரை எரிகலனுக்கு, அதுவும் மலையின் உயரத்தில், தொலைவிலிருந்து இயக்கும் வகைக்கு. புகை எட்டாத மலைத்தொடருக்கு மட்டும் விமானம் போதும்.