கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ்: கூரையை எண்ணும், அடுப்பை எண்ணாது

வார்டுவாரியாகக் குடும்ப எண்ணிக்கை கடைசியாக வந்தது 2011 கணக்கெடுப்பில். அடுத்த தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில்தான். நடுவில் கடலூரின் ஒரு தெருவில் எத்தனை குடும்பம் என்று கேட்டால், கைவசம் இருக்கும் இலவசத் தரவுகளில், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கட்டடங்களைக் கணினி கண்டுபிடித்துத் தரும் கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் உருப்படியானது. ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் கவிழ்த்துவிடும்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் எல்லைக்கோடு, சதுர மீட்டரில் பரப்பு, அது கட்டடம்தான் என்பதில் எவ்வளவு உறுதி என்று காட்டும் 0.65 முதல் 1 வரையான நம்பக மதிப்பெண் கிடைக்கும். இறக்கி, இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் திறக்கலாம். வார்டு எல்லை இதில் கிடையாது, அதை நீங்கள்தான் தேட வேண்டும்.

தனித்தனி வீடுகள் உள்ள நகரில் எண்ணிக்கை ஓரளவு ஒத்துவரும். தேவனாம்பட்டினம் மாதிரி நெருக்கமான மீனவர் குடியிருப்பில் சுவர் ஒட்டிய நாலு வீடு ஒரே கட்டடமாகிவிடும். தென்னைக்கு அடியில் உள்ள குடிசை தெரியவே தெரியாது. கழிப்பறை, கொட்டகையைக் கழிக்க 20 சதுர மீட்டருக்குக் கீழே உள்ளதை நீக்குவார்கள். குப்பத்தில் அதைச் செய்தால் வீடே போய்விடும். 2011 கணக்கெடுப்பின் கூரைவகைப் பட்டியலை வைத்துத் திருத்தவும் வேண்டாம். அந்தக் கணக்கெடுப்பு முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்துப்போட்டது.

ஆகவே தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். பகுதியை மாடி வீடு, ஓட்டு வீடு, குப்பம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் 40 கட்டடம் எடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை அடுப்பு தனியாக எரிகிறது? கணக்கெடுப்பிலும் ஒரே சமையல்தான் ஒரு குடும்பம். 40 கட்டடத்தில் 52 அடுப்பு என்றால் விகிதம் 1.3, படத்தில் 400 கட்டடம் இருந்தால் 520 குடும்பம். கடை, குடோன், யாரும் குடியில்லாமல் பூட்டிய வீடு ஆகியவற்றுக்கும் பூஜ்யம் போட்டு மாதிரியில் வைத்திருங்கள், விட்டுவிட்டால் விகிதம் ஊதிவிடும். (புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் விடுதியாக மாறிய வீடுகளை மறக்காதீர்கள்.)

மின் இணைப்பை வைத்துச் சரிபார்க்கலாம் என்பார்கள். இலவச யூனிட்டுக்காக ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் இருக்கும். எதிர்ப்புறம், மூன்று போர்ஷன் ஒரே மீட்டரில் ஓடும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நம்பிவிடாதீர்கள்.

வளர்ச்சியைப் பார்க்க, உயரமும் காட்டும் இதன் 2.5டி தொகுப்பு 2016 முதல் 2023 வரை ஆண்டுவாரியாக உண்டு. துல்லியம் 4 மீட்டர், ஒரு சந்தின் அகலத்தைவிடப் பெரிது. 2011-ஐத் தொடவும் செய்யாது.